ஆமை முதுகில் ஒரு மங்கல்

மங்கல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. கலியமூர்த்தி பெட்டியின் துளையிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணை இறுக மூடித் திறந்து, மறுபடியும் வலது கண்ணைத் துளையில் வைத்தான். உள்ளே இருட்டில் ஆமை எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஆமை. ஓட்டின் நடுவில் ஒரு கட்டம், அதைச் சுற்றி ஆறு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் மூன்று எல்.இ.டி. தேன் நிற வெளிச்சம் பால் வெள்ளை அக்ரிலிக்கில் ஊறி, கறுப்பு விளிம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக நின்றது. எல்லாம் சரி. தலைக்கு வலப்பக்கத்துக் கட்டத்தில் மட்டும் ஒரு மங்கல், அழுக்கு விரல் பட்ட மாதிரி. சாயங்காலம் ரெஜினா மேடம் வந்து வாங்கிக்கொண்டு போகவேண்டிய எம்பளம் இது, காரின் பின்னால் மாட்டுவதற்கு. சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒருமுறை பிரித்தாயிற்று. அந்தக் கட்டத்துக்குப் பின்னாலிருந்த எல்.இ.டி. ஸ்ட்ரிப் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் துண்டு ஒட்டி, ஈயம் வைத்து, மூடியாயிற்று. புதுத் துண்டிலும் அதே இடத்தில் அதே மங்கல் என்றால் சரக்கே அப்படித்தான். இப்போது வருகிற சரக்கை யார் மெச்சுகிறார்கள், ஒரு சுருள் வாங்கினால் கால் சுருள் குப்பை, என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதும் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பெட்டி அவன் சொந்தக் கண்டுபிடிப்பு. உறையூரில் வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, கார் விளக்கும் ஹாரனும் லோகோவும் மாட்டிக்கொடுக்கிறவனுக்குப் பெரிய தொல்லை பகல்தான். வெயில் வாசல் வரைக்கும் வந்து கொட்டுகிறது. அந்த வெளிச்சத்தில் எம்பளத்தை எரியவிட்டால் எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது, பிறகல்லவா சீராக எரிகிறதா என்று பார்ப்பது. ஆகவே மிக்சி வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் உள்பக்கமெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டி, முன்னால் ஒரு கண் வைக்கிற அளவுக்குத் துளை போட்டு, மேஜையின் மூலையில், அலமாரியை ஒட்டி நிறுத்திவைத்திருந்தான். வலது கண்ணை வைத்தால் முகம் சரியாகப் பொருந்தும். இடது கண்ணை வைக்கப்போனால் தலை அலமாரியில் இடிக்கும். பெட்டி வைத்த நாளிலிருந்து அவனுடைய வேலையெல்லாம் வலது கண்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்திருக்கிறது. எத்தனை சிங்கம், எத்தனை வேல், எத்தனை பேருடைய முதலெழுத்து. ஆமை இதுதான் முதல் தடவை. ரெஜினா மேடம் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். முப்பதுக்கு மேல் வேகமுள் போனால் பிரேக்கில் கால் வைத்துவிடுவார். அவர் பக்கத்திலும் பிரேக் உண்டு. பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே தேய்த்துவிடுகிறான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, "டிக்கியில ஒரு ஆமை வச்சுக் குடுங்க மூர்த்தி. நல்லா எரியணும். முன்னால போறது ஆமைன்னு தெரிஞ்சா அவனே ஒதுங்கிப் போயிருவான்" என்றார். இருபது வருஷத் தொழிலில் தன்னைத்தானே கேலிசெய்துகொண்டு லோகோ கேட்ட வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் சிங்கம்தான். அதனால்தான் அவனுக்கு இந்த வேலையில் ஒரு பிரியம் விழுந்திருந்தது. கட்டம் போட்டுப் படம் வரைந்ததும் அவனே, அக்ரிலிக் வெட்டுகிற கடையில் பக்கத்தில் நின்று விளிம்பு தீயாமல் பார்த்துக்கொண்டதும் அவனே. இப்போது இந்த மங்கல்.

சரி, ஒழுங்காக யோசிப்போம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. ஈயம் வைக்கும்போது காற்று ஆகாது. ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்றாகத்தான் கோத்திருப்பான். ஒன்றுக்குள் போய்த்தான் அடுத்ததுக்குக் கரண்ட் போகவேண்டும். ஒன்று செத்தால் மூன்றும் அணையும், கட்டமே இருட்டாகிவிடும். ஒரு கட்டத்துக்குள் ஒரு ஓரம் மட்டும் மங்காது. மங்காதா? உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் அது ஒன்று மட்டும் அணைந்து மற்ற இரண்டும் எரியும், அப்படியும் உண்டு. ஆனால் அப்போது மற்ற இரண்டும் தேவைக்கு மேல் பளிச்சென்று எரியவேண்டும், கொஞ்ச நேரத்தில் சூடாகவேண்டும். கட்டத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தான். சூடில்லை. பளிச்சென்றும் இல்லை. ஆக ஸ்ட்ரிப் இல்லை. அது முதல் துண்டை வெட்டி எறிவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கவேண்டிய விஷயம், தெரிந்தும்தான் இருந்தது. ஹெட்லைட் ஒன்று எரியவில்லை என்று எவன் வந்து நின்றாலும் கலியமூர்த்தி முதலில் சொல்வது ஒன்றுதான்: "இடத்தை மாத்திப் பாரு." வலது பல்பைக் கழற்றி இடதில் போடு, இடது பல்பை வலதில் போடு. இருட்டு கூடவே போனால் பல்பு. இருட்டு அதே இடத்தில் நின்றால் கோளாறு வேறெங்கோ, வண்டியின் உள்ளே. ஐந்து நிமிஷ வேலை, மீட்டர்கூட வேண்டாம். ஆமையைத் தலைகீழாக வைத்துப் பார்த்தால் போதும். மங்கல் அந்தக் கட்டத்தோடு சேர்ந்து கீழே வந்தால் ஆமையில் கோளாறு. வராமல் மேலேயே நின்றால். கை தானாக மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த அக்ரிலிக்கை மறுபடி துடைத்தது. டிரேசிங் பேப்பராக இருக்கும், என்றது மனசு. வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் பரவுவதற்கு உள்ளே ஒரு டிரேசிங் பேப்பர் வைத்திருந்தான். அதில் பசை கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்கும். பசை இறங்கினால் மங்கத்தானே செய்யும். ஆமாம், மங்கும். அவன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

திருகாணி கழற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது. கைக்கு வேலை, மூளைக்கு விடுமுறை. ஆனால் விடுமுறை கொடுத்தால் மூளை சும்மா இருக்கிறதா, நேரே கும்பகோணத்துக்குப் போய் அண்ணன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. அண்ணன் தட்சிணாமூர்த்தி அரசு பஸ் ஓட்டினவர். கும்பகோணம் டிப்போவில் அவரைத் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் வண்டி சுத்தத்துக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள், கடைசி வருஷம் அதே சுத்தத்துக்காக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். முன் கண்ணாடியில் ஒரு கறை இருக்கிறது, ஒழுங்காகத் துடைக்கமாட்டேன் என்கிறார்கள் என்று தினம் டிப்போவில் சத்தம். சோப்புப் போட்டுத் துடைத்தார்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள், கடைசியில் வேறு வண்டியே மாற்றிக் கொடுத்தார்கள். அந்த வண்டிக் கண்ணாடியிலும் கறை இருந்தது. "டிப்போவுல இருக்குற அம்புட்டு வண்டியிலயும் அதே எடத்துலடா, ஒரு ஈ உக்காந்த மாதிரி" என்று அண்ணன் போனில் சொன்னபோது கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. அதை இங்கே கடையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் கதையாகச் சொல்லியிருப்பான், ஈயை விரட்ட வண்டி மாற்றின டிரைவர் என்று. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அந்த ஈ பெரிதானது. சர்க்கரை கண்ணுக்குப் போய் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்து நிறுத்தியிருக்கலாம் என்றார்கள். அந்தக் "கொஞ்சம் முன்னால்" என்ற வார்த்தையை அண்ணி எப்போதும் அதே குரலில்தான் சொல்வாள். இப்போது அண்ணனுக்கு ஒரு கண்ணில் ஒன்றுமில்லை, இன்னொரு கண்ணில் விடிந்ததும் பொழுது போனதும் தெரியும். டம்ளரை நீட்டினால் டம்ளருக்குப் பக்கத்தில் கையை வைப்பார். தம்பிக்கும் சர்க்கரை உண்டு. குடும்பச் சொத்து, இருவருக்கும் சமமாகப் பிரித்துவைத்த ஒரே சொத்து. தை மாசம் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு, கண்ணையும் ஒருதடவை காட்டிவிடுங்கள் என்றார். காட்டலாம் என்று பங்குனி போயிற்று, சித்திரையில் கூட்டமாக இருக்கும், ஆடியில் எதற்கு நல்ல காரியம் என்று அதையும் தள்ளியாயிற்று. கண்ணைக் காட்டுவது நல்ல காரியமா கெட்ட காரியமா என்று அவன் யோசிக்கவில்லை. இரண்டு திருகாணி மேஜையில் இருந்தது, மூன்றாவதைக் காணவில்லை. கைக்குப் பக்கத்திலேயே, வலப்பக்கம், தட்டின் விளிம்பில் கிடந்தது. இப்போதெல்லாம் திருகாணிகள் இப்படித்தான் ஒளிந்துகொள்கின்றன.

மாடிப்படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. மனைவி தையல்நாயகி டீ கொண்டுவந்தாள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்று டம்ளரை நீட்டினாள். நான்கு நாளாக அப்படித்தான். ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் கட்சி. பிளாஸ்டிக் ஆமைதானே என்று அவன் சொல்லிப்பார்த்தான், பிளாஸ்டிக்காக இருந்தால் மட்டும் அது ஆமையில்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டுவிட்டாள். கடை வீட்டோடு சேர்ந்ததா தனியா என்று அவர்களுக்குள் வழக்கு நடந்து, நிலைப்படிக்கு அந்தப்பக்கம் ஆமை, இந்தப்பக்கம் அவள் என்று ஒரு ராஜி ஏற்பட்டிருந்தது. "இன்னுமா முடியல? காலையிலயே முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க." "முடிஞ்சுதான் இருந்துச்சு. ஒரு கட்டம் மங்கலா அடிக்குது." "அந்தம்மா வந்துருவாங்கல்ல. குடுத்து அனுப்பி வச்சிருங்க, இன்னொரு ராத்திரி அது இங்க இருக்க வேணாம்." டம்ளரை வாங்கினான். சர்க்கரை போடாத டீயின் கசப்பு நாக்கில் நின்றது. கேட்டுவிடலாம். இங்கே வா, இந்தத் துளையில் கண்ணை வை, எந்தக் கட்டம் மங்கலாக இருக்கிறது சொல்லு. பத்துப் பதினோரு வார்த்தை. இவள் கண் கூர்மை. அரிசியில் கல் பார்க்கிறவள், தெருமுனையில் வருகிறவனை நடையை வைத்தே சொல்லிவிடுகிறவள். இதோ இந்த வலப்பக்கக் கட்டம் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொடுக்கலாம். ஆனால் ஒன்றுமில்லையே என்று சொல்லிவிட்டால். அந்த ஒன்றுமில்லையே என்பது அவள் குரலில் எப்படி இருக்கும் என்று அவன் காதுக்குத் துல்லியமாகக் கேட்டது, பின்னால் வரப்போகும் ஏன் கேக்குறீங்க என்பதும் கேட்டது. "என்ன பாக்குறீங்க?" என்றாள். "இல்ல, ஆமையப் பாக்க வர்றியான்னு கேக்கலாம்னு." "நல்லாக் கேட்டீங்க போங்க" என்று காலி டம்ளரை வாங்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். போனதும் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எதற்கு என்று தெரிந்ததால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

டிரேசிங் பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பசை இல்லை. எங்குமே இல்லை, சுத்தமாக இருந்தது, தான் செய்த வேலை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புதிதாக ஒன்று வெட்டினான். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள் அந்தக் கட்டத்தில் கொஞ்சம் சுருங்கியிருப்பதுபோல் பட்டது, அதையும் உரித்துவிட்டு வேறு ஒட்டினான். உரிக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நழுவி முகப்பில் டக்கென்று ஒரு சத்தம். திருப்பிப் பார்த்தான், இரண்டு கண்ணையும் திறந்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. வேர்வையில் கை வழுக்குகிறது, வேறென்ன. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது உலகத்தில் எங்குமே மங்கல் இல்லை என்பதையும் அவன் அப்போது கவனித்தான். தெருவில் வெயில் சீராக இருந்தது, எதிர்வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு சீராக இருந்தது, தள்ளுவண்டியில் அடுக்கியிருந்த கொய்யாப்பழங்கள் வரிசையாக இருந்தன. பார்த்தாயா என்று யாரிடமோ சொன்னான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்துவிட்டால் முடிந்தது விஷயம், பெட்டிகூட வேண்டாம், ஆமைகூட வேண்டாம். இடது கையைத் தூக்கினான். தூக்கிய கை கண்ணுக்குப் போகாமல் நெற்றிக்குப் போய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியது. கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. நன்றாகக் கேட்டுத்தான் அப்படிச் செய்தது. மூடினான், திருகினான், இரண்டு வயரையும் பேட்டரியில் கொடுத்தான், ஆமையைத் தலை மேலாகப் பெட்டிக்குள் நிறுத்தி, துளையில் கண்ணை வைத்தான். மங்கல் இருந்தது. அவன் நடுக்கட்டத்தைப் பார்த்தால் அது வலப்பக்கக் கட்டத்தில் இருந்தது. வலப்பக்கக் கட்டத்தையே நேராகப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்று கண்ணை நகர்த்தினால் அது நழுவி இன்னும் வலப்பக்கம், விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் போய்விட்டது. இருட்டில் இருட்டைக் காணவில்லை. கட்டம் முழுசாக எரிந்தது. ஒரு நொடி மனசு குதித்தது. கண்ணை நடுவுக்குக் கொண்டுவந்தான், அதுவும் பின்னாலேயே வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கண்ணில் ஒரு கறுப்பு நிற்கும், வெல்டிங்காரர்களைக் கேட்டுப் பார், சூரியனைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் தெரியாதா. மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் ஓய்வு கொடு. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மூடிய கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ அலைந்தது. இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தான், அண்ணனுக்கு நாள் முழுக்க. இல்லை, சிவப்பு தெரியாது, சிவப்பு தெரிவதற்கும் வெளிச்சம் வேண்டும். ஈயம் வைக்கிறவன் ஒரு கண்ணோடு ஈயம் வைக்கமுடியுமா. வைக்கலாம், ஆனால் முனை எங்கே இருக்கிறது, ஆழம் எவ்வளவு என்று தெரியாது, விரல் சுடும். ஹாரன் மாட்டலாம். சீட் கவர் போடலாம். சீட் கவர் தைக்கிறவர்களுக்கும் ஊசியில் நூல் கோக்கவேண்டும். தையலு கோத்துக்கொடுப்பாள். இந்த நினைப்பு இவ்வளவு தூரம் போய், அங்கே ஒரு தையல் மெஷினை வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயமாக இருந்தது என்பதுதான் சரி. 

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ரெஜினா மேடம் கார் நிறுத்துவதைக் கேட்டே கண்டுபிடிக்கலாம். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, திருப்தியில்லாமல் மறுபடி முன்னால் ஒருமுறை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு படியேறி வந்தார். "என்ன மூர்த்தி, என் புள்ள ரெடியா?" "ரெடிதான் மேடம். ஒரு கட்டம்தான் கொஞ்சம்." "கொஞ்சம்?" நாக்கு நுனி வரைக்கும் மாற்றிச் சொல்ல ஒரு பொய் வந்தது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள், பசை காயவேண்டும் என்று. அதைச் சொல்லியிருப்பான். ஆனால் அந்த அம்மாள் கற்றுக்கொடுக்கிறவர். எதிரே இருப்பவர் முகத்தில் தடுமாற்றம் தெரிந்தால் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருக்கிறவர். காத்திருந்தார். "ஒரு கட்டம் மங்கலாத் தெரியுது எனக்கு. எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபிறகு திரும்ப எடுக்கமுடியவில்லை. அவர் கைப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குனிந்து துளையில் கண்ணை வைத்தார். அவருடைய கழுத்தில் மெல்லிய சங்கிலியும் சிலுவையும் முன்னால் தொங்கி ஆடிக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். 

"அடடா, என்ன அழகா வந்திருக்கு" என்றார் பெட்டிக்குள்ளிருந்து. "எந்தக் கட்டம் மேடம்?" "எல்லாம் ஒரே மாதிரிதான் எரியுது." "தலைக்கு வலப்பக்கம் பாருங்க." "பாக்குறேன். எரியுதே. நல்லாத்தான் எரியுது." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ, இதச் சொல்றீங்களா? சின்னதா ஒரு கீறல். நகம் பட்ட மாதிரி. அதுவா?" என்றார். கீறல். கலியமூர்த்தி கீறல் எதையும் பார்த்திருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் நழுவினபோது விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் பெட்டிக்குள் எவ்வளவு நேரம் பார்த்தான், நேராகப் பார்த்த அந்த ஒரு நொடியிலும் மங்கலைத்தான் தேடினான், மற்ற நேரமெல்லாம் அவன் பார்வை படாத ஒரே இடத்தில் போய் அது உட்கார்ந்திருக்கிறது. "அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது மூர்த்தி, விடுங்க. வெளிய வச்சு ஒருதடவ பாக்கறேன்" என்று அவர் பெட்டியின் மூடியைத் திறந்து ஆமையைக் கையில் எடுத்து, புறங்கையால் அதன் முதுகைத் தடவி, "கடிச்சிராதப்பா" என்று அதனிடம் சொல்லிவிட்டு, திரும்ப உள்ளே நிறுத்தி மூடினார். தலை கீழே போக, வால் மேலே இருக்க நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, தலைகீழாக வச்சிட்டீங்க மேடம் என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். மத்தியானமெல்லாம் எந்தக் காரியத்துக்குத் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் போக்குக் காட்டினானோ அதை ஒரு அம்மாள் இரண்டு கையாலும் வெகு சாதாரணமாகச் செய்துவிட்டுக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். அவன் குனிந்தான். நடுக்கட்டத்தைப் பார்த்தான். வலப்பக்கம், மேலே, அதே உயரத்தில், அழுக்கு விரல் பட்ட மாதிரி. ஆனால் அது இப்போது வாலுக்குப் பக்கத்துக் கட்டம். தலைப்பக்கத்துக் கட்டம் கீழே இடது பக்கத்தில் முழுசாக எரிந்தது, அவனுடைய கீறலோடு சேர்த்து. கீறல் அவனுக்கும் தெரிந்தது. பிறகு அவன் நிமிர்ந்து, மூலையிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மேஜையின் நடுவுக்கு இழுத்தான். இத்தனை வருஷத்தில் அதை அங்கிருந்து நகர்த்துவது முதல் தடவை, அடியில் பெட்டி அளவுக்குச் சதுரமாகத் தூசி இல்லாத இடம் இருந்தது. அலமாரி இடிக்கவில்லை. இடது கண்ணைத் துளையில் வைத்தான். ஏழு கட்டமும் எரிந்தன, ஒன்றுபோல, விளிம்பிலிருந்து விளிம்பு வரைக்கும், அந்தக் கீறலைத் தவிர ஒரு தூசு இல்லாமல். முதல் தடவையே வேலை சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அவன் எம்பளத்தை எடுத்து, வயரைச் சுருட்டி, மெல்லிய துணியில் சுற்றி ரெஜினா மேடம் கையில் கொடுத்தான். இன்றைக்கு மாட்டமுடியாது, இன்னொரு நாள் வந்து டிக்கியில் துளை போட்டு மாட்டித்தருகிறேன் என்றான். குரல் வேலை பேசுகிற குரலாகவே இருந்தது, அதில் அவனுக்குக் கொஞ்சம் திருப்தி. "மேடம், போற வழியில என்னைய கண்ணாஸ்பத்திரியில எறக்கி விட்டுருவீங்களா?" அவர் அவன் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெட்டி நின்றிருந்த காலி மூலையைப் பார்த்தார். "எந்தக் கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "வலது." "ஏறுங்க." அவன் மாடியைப் பார்த்து, "தையலு, கண்ணக் காட்டிட்டு வந்துர்றேன்" என்று சத்தம் கொடுத்தான். மேலே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. எதற்கு, ஏன், இப்போது என்ன அவசரம் என்று கேட்பாள் என எதிர்பார்த்தான்.  கொலுசுச் சத்தம் படியில் வேகமாக இறங்கியது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி, கடையைத் தாண்டி, அவனுக்கு முன்னால் போய்க் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ரெஜினா மேடம் துணியில் சுற்றிய ஆமையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் நீட்ட, தையல்நாயகி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து முன்னால் ஏறினான். மேடம் கற்றுக்கொடுக்கும்போது உட்காருகிற இடம் அது. காலுக்கடியில் ஒரு பிரேக் இருந்தது, அவன் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டான். கார் கிளம்பியது. சாலை ரோடு என்கிற பெரிய தெருவில் கொய்யாப்பழ வண்டி முன்னால் போக, மேடம் அதற்குப் பின்னாலேயே பொறுமையாகப் போனார். ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துத் தாண்டியது, ஒரு ஆட்டோ தாண்டியது, பள்ளிக்கூடப் பையோடு ஒரு சைக்கிள் தாண்டியது. ஊரே கேலி செய்கிற வேகம், அவனும் சேர்ந்து சிரித்த வேகம். முள் முப்பதைத் தொடவில்லை. முன் கண்ணாடியில் கறை எதுவும் இல்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தான். "கொஞ்சம் முன்னால்" என்று சொல்கிற அண்ணியின் குரல் காதுக்குள் கேட்டது.  

"மேடம்" என்றான் கலியமூர்த்தி, "கொஞ்சம் வேகமாப் போங்க."